கைப்பிடி டெஸ்லா சுருளும் முறுக்கு வடிவ முதன்மைச் சுருளும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் காரைக்குடியில் பொறியியல் படிக்கும் பள்ளத்தூர் மாணவன். பி.டி. 139 டிரான்சிஸ்டர் ஒன்றையும் 22 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் கொண்டு சிறிய டெஸ்லா சுருள் (உயர் அதிர்வெண்ணில் உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் கருவி) செய்து, கம்பி இணைப்பே இல்லாமல் அதனருகில் சி.எஃப்.எல். விளக்கை எரியவைத்தேன். உயர் மின்னழுத்தம் எழும் துணைச் சுருளை 32 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயின்மேல் 36ஆம் எண் எனாமல் கம்பியால் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுற்றியிருக்கிறேன். அதையே டார்ச் விளக்கைப்போலக் கையில் பிடிக்கும் கருவியாக மாற்ற விரும்பி, முதன்மைச் சுருளாகக் குழாயைச் சுற்றியிருந்த மூன்று சுற்று வயரை நீக்கிவிட்டு, செம்புப் பட்டையைக் கைமுறுக்கின் வடிவில் ஒரே தளத்தில் ஐந்து சுற்றுகளாகச் சுற்றி அடியில் பொருத்தினேன். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் முன்பு ஒரு சாண் தொலைவில் எரிந்த விளக்கு இப்போது ஒட்டினாற்போல் வைத்தால்தான் மினுங்குகிறது. டிரான்சிஸ்டரோ கைவைக்க முடியாதபடி சுடுகிறது. பெரிய டெஸ்லா சுருள்களில் தட்டைச் சுருளைத்தானே பயன்படுத்துகிறார்கள்? எனக்கு மட்டும் ஏன் சரிவரவில்லை? – பொறியியல் மாணவர், பள்ளத்தூர்.

பதில்: உங்கள் கைவேலையில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு வகைச் சுருளுக்கு உரிய வடிவத்தை வேறொரு வகைச் சுருளுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. படங்களில் நாம் காணும் பெரிய சுருள்கள் பெரும்பாலும் தீப்பொறி இடைவெளியால் இயங்குபவை. அவற்றில் பல ஆயிரம் வோல்ட்டுக்கு ஏற்றப்பட்ட மின்தேக்கி ஒன்று, அந்த இடைவெளியைத் தாண்டி முதன்மைச் சுருளுக்குள் தன் ஆற்றலைக் கொட்டுகிறது. அந்த மின்தேக்கியும் முதன்மைச் சுருளும் சேர்ந்து, துணைச் சுருளின் அதிர்வெண்ணுக்கே இசைவாக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்ததிர்வில் இருப்பதால், அவற்றுக்கிடையே காந்தப் பிணைப்பு குறைவாக இருந்தாலும் சில அலைகளுக்குள் ஆற்றல் முழுவதும் இடம் மாறிவிடும். பிணைப்பு மிகுந்தால்தான் அங்கே தொல்லை: துணைச் சுருளின் உடலிலேயே பொறிகள் ஓடி எனாமலைக் கருக்கிவிடும். ஆகவே அவர்கள் பிணைப்பை வேண்டுமென்றே குறைக்கத் தட்டைச் சுருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தச் சுற்றில் வேண்டுமானாலும் கவ்வியை மாட்டி இசைவைத் திருத்திக்கொள்ளலாம் என்பதும், உயர் அழுத்த முனையிலிருந்து சுருள் விலகியிருக்கும் என்பதும் கூடுதல் வசதிகள்.

உங்கள் சுற்றமைப்பில் முதன்மைச் சுருளோடு மின்தேக்கி எதுவும் இல்லை. அது எந்த அதிர்வெண்ணுக்கும் இசைவாக்கப்படவில்லை. துணைச் சுருளின் கீழ் முனை டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு (பேஸ்) செல்கிறது. அந்த முனையில் வரும் சிறு மின்னோட்டம்தான் டிரான்சிஸ்டரை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. முதன்மைச் சுருள் துணைச் சுருளை நன்றாகப் பற்றிக்கொண்டிருந்தால் மட்டுமே அந்தக் கட்டளை உரத்து வரும். தட்டைச் சுருளில் உள்சுற்று மட்டும் குழாயை ஒட்டியிருக்க, வெளிச்சுற்றுகளின் காந்தப் புலத்தில் பெரும்பகுதி துணைச் சுருளைத் தொடாமலே வெளியே சுற்றி வந்துவிடுகிறது. அதனால் அடிவாய்க்குத் திரும்பும் மின்னோட்டம் மெலிந்து, டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்காமலும் முழுதாக மூடாமலும் இடைநிலையில் தடுமாறுகிறது. துணைச் சுருளுக்குப் போய்ச் சேராத புலத்தில் தேங்கிய ஆற்றல், டிரான்சிஸ்டர் மூடும் ஒவ்வொரு முறையும் அதன் ஏற்பானில் (கலெக்டர்) மின்னழுத்த முள்ளாக எழுந்து அங்கேயே வெப்பமாகிறது. உங்கள் விரலைச் சுட்ட வெப்பம் அதுதான்.

உங்கள் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். 36ஆம் எண் கம்பியின் செம்பு விட்டம் 0.193 மில்லிமீட்டர், எனாமலோடு ஏறத்தாழ 0.22. எனவே 10 சென்டிமீட்டரில் சுமார் 450 சுற்றுகள் இருக்கும். கம்பி 45 மீட்டருக்குச் சற்று மேல், எடை 12 கிராம் அளவில்தான் வரும். காரைக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் எந்தக் கடையிலும் இதை எடைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பதால், முதல் சுற்றல் பிசகினாலும் பெரிய நட்டமில்லை. மல்டிமீட்டரில் இச்சுருளின் மின்தடை சுமார் 27 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. எனாமலைச் சுரண்டாமல் பற்றவைத்த முனையும் அப்படித்தான் காட்டும். இதன் மின்தூண்டல் எண் சுமார் 1.8 மில்லிஹென்றி. சுருளுக்கே உரிய மின்தேக்குத்திறன் 2 பிக்கோஃபாரட்; உச்சியில் 40 மில்லிமீட்டர் உலோகக் குண்டு ஒன்றை வைத்தால் மேலும் 2 பிக்கோஃபாரட். இவை இரண்டும் சேர்ந்து ஒத்ததிர்வை 1.9 மெகாஹெர்ட்ஸ் அருகில் கொண்டுவந்து நிறுத்தும். குண்டுக்காகக் கடைகடையாக அலைய வேண்டியதில்லை. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கதவுகளிலிருந்து கழற்றிய பித்தளைக் குமிழ்கள் கிடைக்கின்றன. அரக்கையும் களிம்பையும் தேய்த்தெடுத்துவிட்டு, கம்பியின் மேல் முனையை அதில் பற்றவைத்தால் போதும்.

இந்த அதிர்வெண்ணை அறிந்துகொண்டால் டிரான்சிஸ்டர் தேர்விலும் தெளிவு பிறக்கும். கடைக்காரர் சிலர் ‘இதைவிடப் பெரியது’ என்று டி.ஐ.பி. 31ஐ எடுத்துத் தருவார்கள். அது மின்னோட்டத்தைத் தாங்குவதில் பெரியதுதான்; ஆனால் அதன் வேகத்தின் உத்தரவாத எல்லை 3 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால், 1.9 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்னோட்டப் பெருக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடும். நீங்கள் பயன்படுத்தும் பி.டி. 139 பல பத்து மடங்கு வேகமானது. அதை மாற்ற வேண்டாம். கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகட்டை அதன் முதுகில் திருகிவிடுங்கள்.

இனி வடிவத்துக்கு வருவோம். செம்புப் பட்டையைத் தேர்ந்தெடுத்ததைப் பாராட்டுகிறேன். 2 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து 0.05 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடிவிடுகிறது. எனவே தடித்த கம்பியின் உட்பகுதி சும்மா சுமைதான். 8 மில்லிமீட்டர் அகலமும் 0.3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டை, அதே எடையுள்ள உருண்டைக் கம்பியைவிட நிறையப் பரப்பைத் தருகிறது. பட்டை கிடைக்காவிட்டால், நகைசெய்யும் பத்தர் யாரிடமாவது தடித்த செம்புக் கம்பியைக் கொடுத்து அவருடைய உருளை இயந்திரத்தில் தட்டையாக்கித் தரச் சொல்லலாம். உருளையில் ஏறி இறங்கிய செம்பு முறுக்கேறி விறைத்துவிடும். அதைச் செந்நிறமாகக் காயவைத்துத் தண்ணீரில் போட்டால் மறுபடியும் துவண்டுவிடும். சுற்றும்போது பட்டையின் அகலம் செங்குத்தாக நிற்க வேண்டும். கடிகார வில்லைப் பார்த்திருப்பீர்களே, அந்த நிலையில். படுக்கவைத்து வளைக்க முயன்றால் உள் ஓரம் சுருங்கி மடிந்து, வெளி ஓரம் விண்டுபோகும்.

உள் ஆரம் 20 மில்லிமீட்டர், வெளி ஆரம் 40 மில்லிமீட்டர் என்று ஐந்து சுற்றுகளை வைத்துக்கொண்டால் மின்தூண்டல் எண் சுமார் 1.9 மைக்ரோஹென்றி வரும். இச்சுற்றமைப்புக்கு அது போதுமான அளவே. எஞ்சியிருப்பது பிணைப்பு. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். சுருளைத் தாங்கும் வட்டத் தட்டில் குழாய் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, தட்டு மேலும் கீழும் நகரும்படி அமையுங்கள். விளக்கை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, மின்கல இணைப்பில் ஓர் அம்மீட்டரையும் தொடராக மாட்டிக்கொண்டு, தட்டைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். விளக்கின் ஒளி கூடிக்கொண்டே போகும். டிரான்சிஸ்டரின் சூடு தணிவதையும் உணர்வீர்கள். ஆனால் துணைச் சுருளின் கீழ் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிச் செல்ல வேண்டாம். அதற்குமேல் துணைச் சுருளின் மின்னழுத்தம் உயர்ந்துவிடுவதால் உள்சுற்றுக்குப் பொறி தாவக்கூடும்.

தட்டை வடிவத்தின்மேல் உங்களுக்குப் பிடிவாதம் இல்லையென்றால், வாய் மேல்நோக்கிய கூம்பாக அதை மாற்றுங்கள் என்பதே என் பரிந்துரை. உள்சுற்று கீழேயும் வெளிச்சுற்று அதைவிட 12 மில்லிமீட்டர் உயரத்திலும் இருக்கும்படி, ஏறத்தாழ 30 பாகைச் சரிவு போதும். வெளிச்சுற்றுகள் ஆரத்தில் விலகிப் போனாலும் உயரத்தில் துணைச் சுருளின் உடலைச் சூழ்ந்துகொள்வதால், வீணாகும் புலத்தில் ஒரு பகுதி மீண்டும் பயனுக்கு வருகிறது. தாங்கிகளாக நான்கு சாய்வான மரத்துண்டுகளை எடுத்து, 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வாளால் பள்ளம் வெட்டி, பட்டையை அவற்றில் இறக்குங்கள். உங்கள் பகுதியில் பழுதுபார்க்கும் வீடுகளில் கழித்துப்போட்ட பர்மாத் தேக்குத் துண்டுகள் இதற்கு மிக ஏற்றவை. நூறாண்டு காய்ந்த மரத்தில் ஈரம் ஏது? முதன்மைச் சுருளில் சில பத்து வோல்ட்டுக்கு மேல் இருக்காது என்பதால் மரமே போதிய காப்பாகும். எல்லாம் பொருத்தியும் சுருள் உயிர்பெறவில்லையென்றால், முதன்மைச் சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். சுற்றின் திசை தவறினால் பின்னூட்டம் எதிராகிவிடும்.

கையில் பிடிக்கும் கருவிக்கென்று தனியாக ஒரு தேவையும் உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான். மேசைமேல் இருக்கும் சுருளுக்குத் தரையோடு ஏதேனும் ஒரு பிடிமானம் அமைந்துவிடுகிறது. அந்தரத்தில் நிற்கும் கைக்கருவிக்கு அது இல்லை. துணைச் சுருளின் உச்சி மேலே எழும்பக் கீழே ஒன்று அசையாமல் நின்றாக வேண்டும். ஆகவே கைப்பிடியைச் சுற்றி அலுமினியத் தாளையோ செம்புத் தாளையோ ஒட்டி, அதை மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்து, மேலே இரண்டு மூன்று அடுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். அத்தாளின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று தொடாமல் சிறு இடைவெளி விடுங்கள். காரணத்தை அடுத்த கேள்வியில் காண்பீர்கள். மனித உடலின் மின்தேக்குத்திறன் 100 பிக்கோஃபாரட் அளவில் இருக்கிறது. உங்கள் சுருளின் 4 பிக்கோஃபாரட்டோடு ஒப்பிட்டால் அது அசையாத் தரைதான்.

ஒன்பது வோல்ட் சதுர மின்கலம் இந்த வேலைக்குத் தாங்காது. அரை ஆம்பியர் கேட்டவுடன் அதன் மின்னழுத்தம் விழுந்துவிடும். 18650 லித்தியம் கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்து, பாதுகாப்புச் சுற்றுப் பலகையோடு பயன்படுத்துங்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊரில் படிக்கும் ஒருவருக்கு லித்தியத்தின் குணத்தை நான் எடுத்துச் சொல்வது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த கலங்களை மூடிய கைப்பிடிக்குள் வைக்காதீர்கள். மின்கல முனைகளுக்குக் குறுக்கே, டிரான்சிஸ்டருக்கு மிக அருகில், 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் இருக்கட்டும்.

இத்தனையும் செய்தபின் உச்சியிலிருந்து நீண்ட மின்னல் பாயும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான்கைந்து வாட் கருவி இது. குமிழில் ஒரு குண்டூசியைக் கூர்முனை மேலாக ஒட்டினால், இருட்டறையில் நீலநிறக் கசிவு சிறிதாகத் தெரியும். விளக்குகள் கம்பியில்லாமல் எரியும். கண்காட்சிக்கு அதுவே போதும்.

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் இந்த டெஸ்லா சுருளை எங்கள் வீட்டு வளவில் வைத்துச் செய்துகொண்டிருக்கிறான். அடித்தட்டாகப் பித்தளைத் தாம்பாளம் ஒன்றைக் கேட்டான், கொடுத்தேன். முதன்மைச் சுருளுக்குப் பதிலாகப் பழைய செம்புப் பாத்திரத்தின் கழுத்து வளையத்தை அறுத்துக் குழாயில் மாட்டலாமா என்று இப்போது கேட்கிறான். பாத்திரம் போனால் போகட்டும். அறுத்துக் கொடுத்தால் பயன் உண்டா? – ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்.

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். பாத்திரத்தைக் காப்பாற்றிவிடுங்கள். முழு வளையமாக மாட்டினால் அது முதன்மைச் சுருள் ஆகாது. தன்னுள்ளேயே மின்னோட்டம் சுற்றிவரும் குறுக்குச்சுற்றாகிவிடும். துணைச் சுருள் உண்டாக்கும் காந்தப் புலத்தை எதிர்த்து ஆற்றலை விழுங்குவதைத் தவிர அந்த வளையத்தால் வேறு பயனில்லை. ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய இரு முனைகளிலும் வயர் கொடுத்தால் அது ஒற்றைச் சுற்று முதன்மைச் சுருளாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சுற்றின் மின்தூண்டல் எண் மிகக் குறைவு. மின்கலத்தால் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் அதைக் குறுக்குச்சுற்றாகவே உணர்ந்து, மின்னோட்டத்தை அள்ளி இறைத்துச் சூடாகும். மாஸ்ஃபெட் என்னும் வகைப் பெரிய டிரான்சிஸ்டர்களும் தனி இயக்கிச் சுற்றும் வைத்துக் கட்டுபவர்களுக்கே ஒற்றைச் சுற்று பொருந்தும்.

தாம்பாளத்திலும் இதே குணம் ஒளிந்திருக்கிறது. சுருளுக்கு நேர் கீழே, ஒட்டினாற்போல் உலோகத் தட்டு இருந்தால் அதிலும் சுழல் மின்னோட்டம் எழுந்து முதன்மைச் சுருளின் வலுவைக் குறைக்கும். தாம்பாளத்தைத் தரைப்பிடிமானமாக வைத்துக்கொள்ளலாம். சுருளுக்கும் அதற்கும் இடையே ஒரு கையளவு மரக்கட்டை இருக்கட்டும். பேரனை இதைத் தானே செய்து பார்க்கச் சொல்லுங்கள்: கருவி இயங்கும்போது தாம்பாளத்தைப் பக்கத்திலிருந்து மெல்ல அடியில் நகர்த்தினால், விளக்கு மங்குவது கண்முன்னே தெரியும்.

கேள்வி: உயர் அதிர்வெண் மின்சாரம் தோலின் மேல்மட்டத்தில்தான் ஓடும், உள்ளே இறங்காது, ஆகவே டெஸ்லா சுருளின் பொறியை விரலில் வாங்கினாலும் தீங்கில்லை என்று மாணவர்களிடம் சொல்லப்படுகிறது. செம்பிலும் அது மெல்லிய மேற்பரப்பில்தானே ஓடுகிறது? இது சரிதானா? – அறிவியல் ஆசிரியர், தேவகோட்டை.

பதில்: சரியல்ல. முதல் பதிலில் நான் எழுதிய 0.05 மில்லிமீட்டர் என்ற அளவு செம்புக்கு மட்டுமே உரியது. மேற்பரப்பில் ஒதுங்கும் ஆழம் பொருளின் மின்கடத்துதிறனைப் பொறுத்தது. நம் தசை செம்பைவிடக் கோடி மடங்குக்கும் மேல் மோசமான கடத்தி. அதே 2 மெகாஹெர்ட்ஸில் தசைக்குக் கணக்கிட்டால் அந்த ஆழம் சுமார் அரை மீட்டர் வருகிறது. கையோ காலோ அவ்வளவு பருமன் இல்லை என்பதால், மின்னோட்டம் உடலின் ஊடாகத்தான் போகிறது. அதிர்ச்சியை நாம் உணராததற்குக் காரணம் வேறு: நொடிக்கு இருபது இலட்சம் முறை முன்னும் பின்னுமாக அலையும் மின்னோட்டத்துக்கு ஈடுகொடுத்து நரம்புகளால் தூண்டப்பட முடிவதில்லை. வலி எச்சரிக்காது என்பதே இதன் ஆபத்து. பொறி விழும் புள்ளியில் தோல் வெந்து, வெண்ணிறச் சிறு புள்ளியாகச் சுட்ட காயம் உண்டாகும். அது ஆறவும் நாளாகும். இந்தச் சிறு கருவிக்கே இது பொருந்தும் என்றால், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெரிய சுருள்களைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் உயிர்போகும் மின்னோட்டம் முதன்மைச் சுற்றிலேயே இருக்கிறது. இதய முடுக்கி பொருத்தியவர்களும் செவித்துணைக்கருவி அணிந்தவர்களும் இருக்கும் கூடத்தில் எந்த அளவு டெஸ்லா சுருளையும் இயக்கக் கூடாது. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.

கேள்வி: நிக்கோலா டெஸ்லாவே தட்டைச் சுருளுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறாராமே? இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சுற்றும் அந்த முறையில் முதன்மைச் சுருளை அமைத்தால் ஆற்றல் பன்மடங்கு பெருகும் என்கிறார்களே? – வாசகர், கோட்டையூர்.

பதில்: காப்புரிமை உண்மை, 1894 ஜனவரியில் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை, எண் 512340. அதில் அவர் காட்டியது மின்காந்தங்களுக்கான சுருள். இரண்டு கம்பிகளை இணையாகச் சுற்றி, முதல் கம்பியின் முடிவை இரண்டாவதன் தொடக்கத்தோடு இணைத்தால், அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு மிகுந்து, சுருளின் சொந்த மின்தேக்குத்திறன் பெரிதாகக் கூடுகிறது. தனி மின்தேக்கி இல்லாமலே குறைந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வைப் பெறலாம் என்பதே அவருடைய நோக்கம். ஆற்றல் பெருகுவதாக அதில் எங்கும் சொல்லப்படவில்லை. நாம் பேசும் ஐந்து சுற்று முதன்மைச் சுருளில் அந்த மின்தேக்குத்திறன் 1.9 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருட்படுத்தத் தக்கதாக இராது. செய்து பார்ப்பதில் தவறில்லை, செம்புதான் இரட்டிப்பாகச் செலவாகும். டெஸ்லா சுருள் என்று இன்று நாம் அழைக்கும் அமைப்பை அவர் 1891இலேயே வெளியிட்டுவிட்டார். இந்தத் தட்டைச் சுருள் அதற்குப்பின் வந்த வேறொரு முயற்சி.

கேள்வி: பழுதான கொசு பேட்டிலுள்ள உயர் மின்னழுத்தப் பலகையைக் கொண்டு, தட்டைச் சுருளோடு கைப்பிடி டெஸ்லா சுருள் செய்யலாமா? – பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி.

பதில்: தீப்பொறி வகை என்பதால் தட்டைச் சுருள் இங்கே இயல்பாகவே பொருந்தும், முதல் பதிலில் சொன்ன குறை இதற்கு இல்லை. ஆனால் முதன்மைப் பக்கத்து மின்தேக்கியையும் சுருளையும் துணைச் சுருளின் அதிர்வெண்ணுக்கு இசைவாக்கியே தீர வேண்டும். 1.9 மைக்ரோஹென்றிச் சுருளுக்கு 1.9 மெகாஹெர்ட்ஸில் வேண்டிய மின்தேக்கி சுமார் 3.7 நானோஃபாரட், சந்தையில் கிடைக்கும் 3.3 நானோஃபாரட், 2 கிலோவோல்ட் மின்தேக்கியை எடுத்துக்கொண்டு, பட்டையில் ஏறத்தாழ கால் சுற்றைக் கூட்டி இசைவைச் சரிசெய்யலாம். பேட்டின் பலகையிலுள்ள மின்தேக்கி, பொத்தானை விட்ட பின்னும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு முறை கவ்வியை நகர்த்தும் முன்னும், மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மரப்பிடியுள்ள கம்பியில் கோத்த 10 கிலோ ஓம் மின்தடையால் அதன் இரு முனைகளையும் இணைத்து, மின்னழுத்தம் இல்லையென்று மீட்டரில் பார்த்த பிறகே சுருளில் கைவையுங்கள்.